வண்டி ஏன் கிளம்பவில்லை?

(வண்டி ஓட்டுவோர் கூட்டமொன்றில் பேசியது)



மோட்டார் வண்டி கிளம்பாவிட்டால் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். நாம் மெக்கானிக் அல்ல. ஆனால் கிளம்பாத வண்டியினால் பணத்தையும் பொழுதையும் பறிகொடுத்தவர் என்கிற யோக்கியதை நமக்கு உண்டு. அதைக் கொண்டே பேசுகிறோம். நாம் சொல்லுவதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். உங்கள் வண்டியில் சோதித்துப் பார்த்துச் சரியென்று பட்டால் மாத்திரம் ஒப்புக்கொள்ளுங்கள்.

வண்டி கிளம்பாவிட்டால் ஒருவர் பூனை குறுக்கே போயிற்று என்கிறார். மற்றொருவர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கவில்லை என்கிறார். இவர்களைப் பற்றி உங்களிடம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மூன்றாவது ஆசாமி ஒருவர் வருகிறார். அவர் ஒன்றையும் தொட்டுப் பாராமலே, "பேட்டரி போய்விட்டது, மாற்றுங்கள்" என்கிறார். இவரை நாம் விஷயம் தெரிந்தவரென்று நம்பிவிடுகிறோம். சோதியாமல் சொன்னதைச் சோதியாமல் நம்புவதென்றால், எலுமிச்சம்பழத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பழமாவது சில்லறையோடு போகும். இது ஆயிரக்கணக்கில் போகும்.

நமக்கு நடந்ததையே சொல்லுகிறோம். மழைக்காலத்தில் ஒரு விடியற்காலம், மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டியில் உட்காரவைத்தோம். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். முன்விளக்கு மட்டும் பளிச்சென்று எரிந்தது. பெரியவரை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பினோம், நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். பிறகு ஒரு கடையில் பேட்டரியை மாற்றினார்கள். இரண்டு நாள் ஓடிற்று, மறுபடியும் 'டக்'. வேறொரு கடையில் ஸ்டார்ட்டரை மாற்றினார்கள். ஒரு வாரம் ஓடிற்று. மறுபடியும் அதே 'டக்'. கடைசியில் ஒரு சிறு பட்டறையில் வேலை பார்க்கும் பையன், எதையும் மாற்றாமல், சாவியைத் திருப்பச் சொல்லி மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் கழித்தல் முனையிலும், மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்தான். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாத இடத்தில் 4 வோல்ட் காட்டிற்று. எஞ்சினுக்குப் போகும் எர்த் கம்பியின் போல்ட்டில் துரு! சுரண்டி முடுக்கினான், வண்டி கிளம்பிற்று.

தோழர்களே! இதில் அதிசயம் ஒன்றுமில்லை. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியே மின்சாரம் போகாது. ஆகையால் எஞ்சினுக்கென்று தனியாக ஒரு கம்பி வேண்டியிருக்கிறது. முன்விளக்கு ஒன்றுக்கு 5 ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டருக்கோ 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். துருப்பிடித்த இணைப்பு ஒற்றையடிப் பாதை போன்றது. ஆள் நடக்கலாம், பார வண்டி போகாது. விளக்கு வேறு வழியில் மின்சாரம் பெற்றுப் பிரகாசமாக எரிந்ததே பேட்டரி குற்றமற்றது என்பதற்குச் சாட்சி. சாட்சி முதல் நாளே சொல்லிற்று. நாம்தான் காது கொடுக்கவில்லை. பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் மாற்றியபோது கம்பிகள் அசைந்ததால் சில நாள் ஓடிற்று. அதையே வைத்தியம் பலித்ததாக நம்பினோம்.

நிற்க, சோதிக்கும் முறையைச் சொல்லுகிறோம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறதா, இல்லையா?

சுற்றவில்லையென்றால் பெட்ரோலைப் பற்றிய பேச்சே வேண்டாம். குற்றம் மின்சாரப் பாதையில் இருக்கிறது. விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். விளக்கே எரியாவிட்டாலும், எரிந்து மங்கி 'டக்டக்டக்' என்று அடித்துக்கொண்டாலும், பேட்டரியையும் அதன் முனைகளையும் பாருங்கள். ஓய்வாயிருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி தீர்ந்தது. முனையில் வெள்ளையாகவோ நீலமாகவோ பூத்திருந்தால், கழித்தல் முனையை முதலில் கழற்றி, ஆப்பசோடாத் தண்ணீரால் கழுவித் துடைத்து, அதையே கடைசியில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு வரும். பீடி பற்றவைத்துக்கொண்டு குனியாதீர்கள். விளக்கு மங்காமல் ஒற்றை 'டக்' என்றால் எர்த் கம்பி, ஸ்டார்ட்டருக்குப் போகும் கம்பி, ஸ்டார்ட்டர் என்று வரிசையாகப் பாருங்கள்.

எஞ்சின் நன்றாய்ச் சுற்றியும் பற்றவில்லையென்றால், பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் விட்டுவிடலாம். பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டியவை மூன்று: எரிபொருள், பொறி, அழுத்தம். டாங்கியில் பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். இக்காலத்து வண்டிகள் பெரும்பாலானவற்றில் சாவியைப் போட்டவுடன் பின்பக்கம் பம்பு இரண்டு விநாடி முனகும். முனகாவிட்டால் ப்யூஸைப் பாருங்கள். திருட்டுத் தடுப்பு விளக்கு சிமிட்டினால், வண்டி சாவியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்று பொருள். வேறு சாவியைப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவையில் 10 விநாடிக்கு மேல் ஸ்டார்ட்டரை ஓட்டாதீர்கள், சூடேறிக் கெடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கை ஒன்றாய் மாற்றினால் வண்டி ஓடலாம். ஏன் ஓடிற்று என்பது தெரியாது.

ஒரு காலத்தில் கைப்பிடியைப் போட்டுச் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்பினார்கள். அது எதிர்த்தடித்துக் கை முறிந்தவர்களும் உண்டு. கெட்டரிங் என்னும் அமெரிக்கர் செய்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ம் வருஷத்துக் காடிலாக் வண்டிகளில் வந்தது. கைக்கு வேலை ஒழிந்தது மெத்தச் சரி. கூடவே புத்திக்கும் வேலை ஒழிந்ததென்று நினைத்தோமானால் அதுதான் மோசம்.

ஆகவே, "இதை மாற்று" என்று எவர் சொன்னாலும், "எதை வைத்துச் சொல்லுகிறீர்கள்? மீட்டரில் காட்டுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். வேலை தெரிந்தவர் சந்தோஷமாய்க் காட்டுவார். கோபித்துக்கொள்ளுபவரிடம் உங்கள் பணத்தையும் கொடுக்காதீர்கள், வண்டியையும் கொடுக்காதீர்கள் என்று சொல்லி இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.