பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்?



1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது இந்தத் தரங்கம்பாடியில்தான். அப்படிப்பட்ட ஊரில், நடவுக்கும் ஆலைக்கும் போகிற நம் வீடுகளில், பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகம் எத்தனை இருக்கிறது?

முதலில் எஸ்.பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' நாவலைச் சொல்கிறோம். 2020-ல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. ஒரு மரப்பாச்சிப் பொம்மை சிறுமியிடம் பேசுகிறது. எது தப்பான தொடுதல், அதை யாரிடம் சொல்வது என்று பேசுகிறது. விடியுமுன் நாம் வேலைக்குக் கிளம்பிவிட்டால், பிள்ளை நாள் முழுதும் யார் கண்பார்வையில் இருக்கிறது? பிள்ளைகளிடம் இதையெல்லாமா பேசுவது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்! வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற தாய் தகப்பனுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பொம்மை பேசுகிறது.

அடுத்தது 2023-ல் அதே பரிசு பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. இன்றைய சிறுவன் ஒருவன் கீழடியின் பழங்காலத்து ஆதனைச் சந்திக்கிறான். கதைதான், ஆனால் கீழடிப் பானை ஓட்டில் 'ஆதன்' என்று கீறியிருப்பது உண்மை. சோறு பொங்குகிற மண்பானையில் எழுத்து! கூலிக்காரன் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்பவனிடம் இதைச் சொல்லுங்கள்.

2025-ல் பரிசு பெற்ற விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'வையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வாங்கக் காசில்லையா? வீட்டுவரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே! நூலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் வரவழைக்கச் சொல்லி மனுக் கொடுங்கள். மனுவைப் பிள்ளையே எழுதட்டும்.