17ஆம் வசனத்திலிருந்து வாசிப்போம்

(கிறிஸ்தவ இளைஞர் கூடுகை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'அன்றாட வாழ்வில் வேதாகமம்'. இப்படி ஒரு தலைப்புக் கொடுத்தால் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் எழுந்து ஜெபம் பண்ணு, செல்போனைக் குறை, கெட்ட சகவாசம் வேண்டாம், தசமபாகம் கொடு. நானும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் சாதி என்ற சொல் ஒருமுறைகூட வந்ததில்லை. அதனால் இன்று அதைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

வேதாகமத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறேன். 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரம். நான் வளர்ந்த சபையில் திருவிருந்து ஞாயிறுகளில் இதை வாசிப்பார்கள். இயேசு அப்பத்தை எடுத்துப் பிட்ட அந்த இரவைச் சொல்லும் 23ஆம் வசனத்தில் ஆரம்பிப்பார்கள். அபாத்திரமாய்ப் புசிக்கிறவன் தனக்கே தண்டனையை வரவழைத்துக்கொள்கிறான் என்ற எச்சரிக்கையோடு முடிப்பார்கள்.

'அபாத்திரமாய்' என்ற அந்தச் சொல் எனக்குப் பெரிய பயம். திடப்படுத்தல் முடிந்த புதிதில், முழங்கால்படியிடும்போதெல்லாம் பரீட்சையில் பார்த்து எழுதியது, அம்மாவிடம் பொய் சொன்னது எல்லாம் ஞாபகம் வரும். கண்ணை மூடி மன்னிப்புக் கேட்பேன். மனசு லேசாகிவிடும். அப்பத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

பல வருடம் கழித்துத்தான், அதே அதிகாரத்தை 17ஆம் வசனத்திலிருந்து வாசித்தேன். அங்கே பரீட்சையும் இல்லை, பொய்யும் இல்லை. சாப்பாடு இருக்கிறது.

கொரிந்து ஒரு துறைமுக நகரம். சபை கூடியது வசதியானவர்களின் வீடுகளில். வசதியுள்ளவர்கள் முன்கூட்டியே வந்து நன்றாகச் சாப்பிட்டுக் குடித்துவிடுகிறார்கள். அடிமைகளும் கூலிக்காரர்களும் வேலை முடித்து வரும்போது பாத்திரம் காலி என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். பவுலுக்கு வந்த கோபம் இதற்குத்தான். ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறித்திருந்தால் அது கர்த்தருடைய பந்தியே இல்லை என்கிறார். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா, சபையையே அசட்டை பண்ணுகிறீர்களா என்று கேட்கிறார். அதற்குப் பிறகுதான் 'அபாத்திரமாய்' வருகிறது. கடைசியில் அவர் சொல்லும் தீர்வு ஒரு வரி: சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.

அதாவது, அந்த எச்சரிக்கை முதலில் சொல்லப்பட்டது பந்தியில் பாகுபாடு பார்த்தவர்களுக்கு. நாம் 17 முதல் 22 வரை விட்டுவிட்டு வாசித்ததால், அதை நம் தனிப்பட்ட குற்ற உணர்வுக்கான மருந்தாக மாற்றிக்கொண்டோம்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன். நான் ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தேன். தாத்தா சபைக் கமிட்டியில் இருந்தார். வியாழக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். எங்கள் வயலில் வேலை செய்த ஒரு அம்மாவும் வருவார். அவருக்குப் பாட்டுப் புத்தகம் தேவையில்லை, எல்லாப் பாட்டும் மனப்பாடம். கூட்டம் முடிந்ததும் காபி கொடுப்போம். எங்களுக்கு எவர்சில்வர் டம்ளர். அவருக்கு அலுமினிய டம்ளர். அது புறவாசலில் ஒரு கம்பியில் மாட்டியிருக்கும். அவரே எடுத்து, அவரே குடித்து, அவரே கழுவி மாட்டிவிட்டுப் போவார். என்னைவிட நாற்பது வயது மூத்தவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை கோயிலில் அசனம் நடக்கும். அன்று எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். 'பார், நம் சபையில் சாதி இல்லை' என்று தாத்தா பெருமையாகச் சொல்வார். மறுநாள் காலையில் அந்த டம்ளர் அதே கம்பியில்தான் தொங்கும்.

எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டைக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சாதியை விடுவதற்குப் பதிலாகச் சபையை விட்டுப் போனார்கள். நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலை, பீடம் ஒன்று, கூடம் இரண்டு என்று சாதிவாரியாகப் பிரித்தே கட்டினார்கள். 1910இல் அந்தப் பிரிவினை அகற்றப்பட்டபோது, தனி இடம் எங்கள் உரிமை என்று ஆதிக்கச் சாதியினர் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். 1938இல் சோலாப்பூரில் கிறிஸ்தவர்களிடையே பேசிய அண்ணல் அம்பேத்கர், தென்னிந்தியாவில் கோயிலுக்குள்ளேயே சாதி பார்க்கப்படுவதைச் சுட்டிக்காட்டினார். எழுபது வருடம் கழித்து, 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தனிப்பங்கு கேட்டுப் போராடிய தலித் கிறிஸ்தவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள்.

'இவ்வளவு நடந்த பிறகும் எதற்கு இந்தப் புத்தகம்?' என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அடிமைகளைக் கீழ்ப்படியச் சொல்லும் வரிகளும் அதே பவுலின் பெயரில் உள்ள கடிதங்களில் இருக்கின்றன. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தாத்தாவிடம் நான் அரசியல் சட்டத்தைக் காட்டினால், அது வெளி உலகம் என்பார். அவர் மடியில் இருக்கும் புத்தகத்தையே திறந்து காட்டினால் அவரால் எங்கும் ஓட முடியாது. கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அந்தியோகியாவில் யூதரல்லாதவர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்துபோய்ப் பந்தியை விட்டு விலகிக்கொள்கிறார். பேதுரு சாதாரண ஆள் இல்லை, சபையின் தூண். பவுல் அவரைத் தனியே அழைத்துப்போய்ப் பேசவில்லை. எல்லோர் முன்பாகவும் கேட்கிறார். சுவிசேஷத்தின் சத்தியமே இந்தப் பந்தியில்தான் இருக்கிறது என்பது அவர் வாதம்.

நான் பவுலைப் போல நடக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் அக்காவும் பாடகர் குழுவில் இருந்த ஒருவரும் காதலித்தார்கள். அவர் தலித். இருவரும் ஒரே சபை. ஒரே நாளில் திடப்படுத்தல் பெற்றவர்கள். வீட்டில் தெரிந்ததும் பெரியப்பா வேதாகமத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்நிய நுகத்தில் பிணைக்கப்படாதிருங்கள் என்று 2 கொரிந்தியரில் இருப்பதைக் காட்டினார். அது விசுவாசிகளையும் அவிசுவாசிகளையும் பற்றிய வசனம். அந்த அண்ணன் ஞானஸ்நானம் பெற்றவர், எங்கள் கோயிலில் ஆர்மோனியம் வாசித்தவர். அவர் எப்படி அந்நியர்? அந்தக் கேள்வி என் தொண்டை வரை வந்தது. நான் கேட்கவில்லை. குருவானவர், பெற்றோர் சம்மதம் இருந்தால் ஓலை வாசிக்கிறேன் என்றார். கடைசிவரை ஓலை வாசிக்கப்படவில்லை. அக்கா பதிவு அலுவலகத்தில் திருமணம் செய்துகொண்டாள். எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை.

அந்த வாரம் திருவிருந்து ஞாயிறு. அப்பா முழங்கால்படியிட்டார். அவர் பக்கத்தில் நானும் முழங்கால்படியிட்டேன். அப்பத்தை வாங்கிக்கொண்டேன். பாத்திரத்திலிருந்து குடித்தேன்.

இன்னொரு வசனத்தையும் நாம் தலைகீழாக வாசிக்கிறோம். மத்தேயு 5இல், பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று இயேசு சொல்கிறார். குறை யாருக்கு? சகோதரனுக்கு. போக வேண்டியது யார்? தப்புச் செய்தவன். ஆனால் நம் சபைகளில் இதை யாரிடம் சொல்கிறார்கள்? அவமானப்பட்டவரிடம். 'மன்னித்துவிடு, கசப்பை வைத்துக்கொள்ளாதே, சாதியைப் பேசிப் பேசிச் சபையைப் பிரிக்காதே.' இங்கே இருக்கும் தலித் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். இந்த வசனத்தின் சுமை உங்கள் தோளில் இல்லை. எங்கள் தோளில் இருக்கிறது.

நான்கு வருடம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். அழுதேன், மன்னிப்புக் கேட்டேன். அவள் சாப்பாடு போட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: 'இதை அப்பாகிட்ட சொன்னியா?' சொல்லவில்லை. அவளிடம் வந்து அழுவது எனக்கு எளிதாக இருந்தது. அப்பாவிடம் பேசுவதில்தான் விலை இருந்தது. அவரிடம் பேசும்வரை திருவிருந்து எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். பேச எனக்கு ஏழு மாதம் ஆனது. அப்பா இன்னும் மாறவில்லை. இப்போது என்னிடமும் அதிகம் பேசுவதில்லை. நல்ல முடிவோடு ஒரு சாட்சி சொல்ல என்னிடம் இல்லை. இதுதான் இருக்கிறது.

ஆனால் மனந்திரும்புதல் கண்ணீரோடு முடிவதில்லை என்று லூக்கா 19 எனக்குக் கற்றுக்கொடுத்தது. சகேயு, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியதற்கு நாலத்தனை என்று கணக்குச் சொன்ன பிறகுதான் இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார் இயேசு. நம் சபைகளிடம் பள்ளிக்கூடம் இருக்கிறது, கல்லூரி இருக்கிறது, நிலம் இருக்கிறது, வேலை இருக்கிறது. அங்கே யார் முதல்வர், யார் வாட்ச்மேன்? சேகரக் கமிட்டியில் யார்? கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை? சபை நடத்தும் திருமணத் தகவல் பதிவேட்டில் சாதிக்கு எதற்குத் தனிக் கட்டம்? இந்தக் கணக்கைக் கேட்பதுதான் வேத ஆராய்ச்சி.

அரசிடமும் ஒரு கணக்கு இருக்கிறது. 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதக் கட்டுப்பாட்டை நீக்கச் சொன்னது. அந்தப் போராட்டத்தில் நாம் நிற்க வேண்டும். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். தில்லியில் 'எங்களுக்குள்ளும் சாதி இருக்கிறது' என்று மனுக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் 'சாதி இல்லை' என்று சொல்லும் சபையை யார் நம்புவார்கள்?

பெரிதாக எதுவும் செய்ய முடியாத நிலையில் உங்களில் பலர் இருப்பீர்கள். படிக்கிறீர்கள், வீட்டுச் சாப்பாட்டில் இருக்கிறீர்கள். அப்படியானால் இரண்டு காரியம் செய்யுங்கள். வீட்டுக்குப் போனதும், ஆதிக்கச் சாதி வீடாக இருந்தால், புறவாசலைப் போய்ப் பாருங்கள். டம்ளர் தொங்கினால் அதை எடுத்துவிடுங்கள். ஏன் எடுத்தேன் என்று வீட்டில் சத்தமாகச் சொல்லுங்கள். அடுத்தது, உங்கள் சபையில் திருவிருந்து ஞாயிறு அன்று வேதம் வாசிக்க உங்களைக் கூப்பிட்டால், 23இல் ஆரம்பிக்காதீர்கள். 17ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். யாராவது ஏன் என்று கேட்பார்கள். பேச்சு அங்கிருந்து ஆரம்பிக்கட்டும்.

ஜெய்பீம்.