சப்பை நோய்க்கு எந்த ஊசி?

மழைக்காலத்தில் மாடுகளைத் தாக்கும் சப்பை நோயைப் பற்றியும், அதற்கு ஏற்ற ஊசி மருந்தைப் பற்றியும் இன்று பார்ப்போம்.

6 மாதம் முதல் 2 வயது வரை உள்ள, நல்ல சதைப்பிடிப்பான கன்றுகளுக்குத்தான் இது அதிகம் வரும். மாடு திடீரென்று நொண்டும். காய்ச்சல் 106 டிகிரி வரை ஏறும். தொடைச் சப்பையிலோ தோளிலோ வீக்கம் காணும். அழுத்திப் பார்த்தால் உள்ளே கட்டிய வாயுவினால் நறநறவென்று சத்தம் கேட்கும். கவனிக்காமல் விட்டால் ஒன்றிரண்டு நாளில் மாடு போய்விடும்.

இந்தக் கிருமி மண்ணில் விதைபோலப் பல வருஷம் கிடக்கும். புல்லோடு மாட்டின் உடம்புக்குள் போகும். பிராணவாயு இல்லாத இடத்தில்தான் பெருகும். அடிபட்டு ரத்த ஓட்டம் குறைந்த சதை அதற்கு வாகான இடம்.

"பலவகைக் கிருமிகளையும் கொல்லுகிற ஊசி ஒன்றைப் போட்டால் போதாதா?" என்று கேட்பீர்கள். அங்கேதான் சங்கதி இருக்கிறது. ஜென்டாமைசின் அப்படிப்பட்ட மருந்துதான். ஆனால் அது கிருமிக்குள் நுழைவதற்கே பிராணவாயு வேண்டும். அதனால் சப்பை நோயில் அது பலிக்காது. ஸ்ட்ரெப்டோமைசினும் அப்படியே. இங்கே கைகொடுப்பது 1928-இல் கண்டுபிடித்த பழைய பென்சிலின்தான். பலவகைக் கிருமிகளுக்கான மருந்துகளில் ஆக்சிடெட்ராசைக்ளினும் உதவும்.

எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதைக் கால்நடை மருத்துவர் முடிவு செய்யட்டும். வீட்டில் மீந்த மருந்தை நீங்களே போடாதீர்கள். மருந்து ரத்தத்தோடுதான் போகிறது; சதை செத்துவிட்டால் அங்கே போய்ச் சேராது. ஆகவே நொண்டலைக் கண்ட உடனே மருத்துவரை அழையுங்கள். மாடு எழுந்து தீனி தின்றாலும் சொன்ன நாள்வரை ஊசியை நிறுத்தாதீர்கள். கறவை மாடானால், மருத்துவர் சொல்லும் நாள்வரை பாலை விற்கவும் கூடாது, குடிக்கவும் கூடாது.

இறந்த மாட்டைத் தோல் உரிக்காமல், அறுக்காமல், சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். இல்லாவிட்டால் மேய்ச்சல் நிலமே கெட்டுவிடும்.

எல்லாவற்றையும்விட நல்லது தடுப்பூசி. 6 மாதம் ஆன கன்றிலிருந்து தொடங்கி, வருஷா வருஷம் மழைக்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள். உழவுக்குத் தயாராகிற காளையும், சினைக்கு வருகிற கிடாரியும் உங்கள் தொழுவத்திலேயே நிற்கும்.