வாசிக்க மறுத்த கலைஞர்



தாலந்து உவமையை வாசிக்கும்போதெல்லாம் ஓர் இசைக்கலைஞர் என் நினைவுக்கு வருவார். பெயர் பாப்லோ கசால்ஸ், செல்லோ வாசித்தவர். செல்லோ வயலின் குடும்பத்துக் கருவிதான், ஆனால் சுமார் 4 அடி உயரம். நாற்காலியில் அமர்ந்து, முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி, வில்லால் வாசிப்பார்கள்.

கசால்ஸ் 1876இல் ஸ்பெயினின் கட்டலோனியாப் பகுதியில், எல் வென்ட்ரெல் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அவ்வூர்ப் பங்குக் கோவிலில் ஆர்கன் வாசிப்பவர். இசை வயிற்றை நிரப்பாது என்பது அவருக்குத் தெரியும். மகனைத் தச்சு வேலைக்கு அனுப்ப நினைத்தார். (புனித சூசையப்பரை வணங்கும் நாம் அவரைக் குறைசொல்ல முடியாது!) தாய் விடவில்லை. 11 வயது மகனைப் பார்சலோனாவுக்கு அழைத்துப்போய் இசைப்பள்ளியில் சேர்த்தார்.

அக்காலத்தில் செல்லோ மாணவர்கள் வலது அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு பயிற்சி செய்வார்களாம், முழங்கை உடம்பைவிட்டு விலகக் கூடாதென்று. கசால்ஸ் புத்தகத்தை விட்டுவிட்டுக் கையை வீசி வாசித்தார். காப்பிக் கடையில் வாசித்துச் சம்பாதித்தார். 13 வயதில், பழைய இசைத்தாள்கள் விற்கும் கடையொன்றில், யோஹான் செபஸ்தியான் பாக் தனிச் செல்லோவுக்கு எழுதிய 6 தொகுப்புகள் அவர் கையில் கிடைத்தன. வெறும் பயிற்சிப் பாடங்கள் என்றே பலரும் அவற்றை எண்ணியிருந்த காலம் அது. நாள்தோறும் வாசித்தார். அவற்றில் ஒன்றை மேடையேற்றத் துணிவு வர ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆயின. நம் பாடகர் குழுவில் இரண்டாவது ஒத்திகைக்கே ஆள் குறைகிறது!

பிறகு பாரீஸ், லண்டன், அமெரிக்கா என்று புகழ் பெருகியது. 1939இல் உள்நாட்டுப் போர் முடிந்து, சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சியைப் பிடித்தார். கசால்ஸ் எல்லை கடந்து, பிரான்சின் பிராட் என்ற சிற்றூரில் தங்கினார். 1945இல் இங்கிலாந்தில் மீண்டும் வாசித்தார். ஹிட்லரை வீழ்த்திய நாடுகள் பிராங்கோவையும் விலக்கும் என்று நம்பியிருந்தார். அவை அசையவில்லை. அப்போது கச்சேரிகளையே நிறுத்திவிட்டார்.

அவருக்கு வயது 68. விரல்களில் இன்னும் எத்தனை ஆண்டு வலு இருக்கும் என்று எந்தக் கலைஞரும் கணக்குப் பார்க்கும் வயது.

இவரும் தாலந்தை மண்ணில் புதைத்தவர்தானா? நான் அப்படி எண்ணவில்லை. உவமையில் வரும் பணியாள் அஞ்சிப் புதைத்தான். குழியை மூடிவிட்டுப் போய்விட்டான். கசால்ஸ் வீட்டில் நாள்தோறும் செல்லோவை எடுத்தார். மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். முகாம்களில் வாடிய தம் நாட்டு அகதிகளுக்கு உணவும் உடையும் கிடைக்க உழைத்தார், உதவி கேட்டுக் கடிதங்கள் எழுதினார். மேடையையும் வருமானத்தையும் மட்டுமே விட்டார். அதுவும் சிறிய விலையன்று. கேட்க ஆசைப்பட்ட எத்தனையோ பேரும் சேர்ந்துதான் அதைக் கொடுத்தார்கள்.

1950இல், பாக் இறந்த 200ஆம் ஆண்டு நினைவாக, இசைக்கலைஞர்கள் அவரைத் தேடிப் பிராட்டுக்கே வந்தார்கள். ஊரின் புனித பேதுரு ஆலயத்தில் கச்சேரி நடந்தது. பார்சலோனாவில் கண்டெடுத்த அதே பாக்கின் இசையை அங்கே மீண்டும் வாசித்தார்.

1973இல், 96 வயதில், புவேர்ட்டோ ரிக்கோவில் இறந்தார். பிராங்கோ அப்போதும் ஆட்சியில் இருந்தார். 1979இல்தான் கசால்ஸின் உடல் எல் வென்ட்ரெலுக்குத் திரும்பியது.