துணையாகச் செல்வதும் ஔடத தானமே

 

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களை இளமை முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஔடத தானம் என்றதும் மருந்து வாங்கித் தருவதும் மருத்துவ முகாம் நடத்துவதும் நினைவிற்கு வரும். அத்தானத்தின் மற்றொரு வடிவத்தை இன்று உங்கள்முன் வைக்கிறேன். முதியோர் இல்லத்தில் வாழும் ஒருவரை மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவுக்கு அழைத்துச் சென்று, நலமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதே அது.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கும் பணிக்கு வந்தோர் பலர் இன்று முதுமை எய்திவிட்டனர். பிள்ளைகள் வெளியூர்களில் இருக்க, அவர்களுள் சிலர் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து இல்லங்களில் வாழ்கின்றனர்.

அவர்களுக்கு மருத்துவ வசதி இல்லாமல் இல்லை. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978ஆம் ஆண்டிலேயே டாக்டர் வ.செ. நடராசன் முதியோருக்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. மருத்துவமனைகளில் மூத்த குடிமக்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆனால் இல்லத்து வாசலிலிருந்து அந்த வரிசை வரை அழைத்துச் செல்ல ஆள் வேண்டுமே! 108 ஊர்தி அவசர நிலைக்கு உரியது. மாதாந்தரப் பரிசோதனைக்கு அதனை அழைத்தல் முறையாகாது. இல்லப் பணியாளர் ஒருவர் உடன் சென்றால், ஏனையோரைக் கவனிக்க ஆள் குறைகிறது. எனவே நாள் தள்ளிப்போகிறது. பழைய மாத்திரையே தொடர்கிறது. மங்கிவரும் பார்வையும் ஏறிவரும் சர்க்கரையும் காலம் கடந்தபின்னரே தெரியவருகின்றன.

வண்டியை அமர்த்திக் கொடுப்பதோடு கடமை முடிந்துவிடாது. மருத்துவர் காண்பது சில நிமிடங்களே. நோயாளி இரவில் எத்தனை முறை எழுந்தார், எங்கே தடுமாறினார் என்பதை அறிந்தவர் இல்லப் பணியாளர். அதனை முதல்நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உண்ணும் மருந்துகளின் பட்டியல், பழைய சீட்டுகள், மூக்குக்கண்ணாடி, காதுகேள் கருவி, மாற்றுடை ஆகியவை ஒரே பையில் இருக்கட்டும். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கும் நாளில் இன்சுலினை எப்போது போடுவது என்பதை மருத்துவரிடம் முன்னரே கேட்டறிக.

நம் பெரியோர் பலர் கிழங்கு வகைகளை உண்ணார். கதிரவன் மறைந்தபின் உணவு கொள்ளார். காத்திருப்பு நீண்டு, திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டால், சர்க்கரை நோயுடைய ஒருவர் இரவு முழுதும் பட்டினி கிடக்க நேரும். அஃது உயிருக்கே இடர். ஆகவே ஏற்ற உணவை வீட்டிலிருந்தே எடுத்துச் சென்று, உரிய நேரத்தில் உண்ணச் செய்க.

மருத்துவர் முன்னிலையில் முதலில் அப்பெரியவரே பேசட்டும். விடுபட்டதை மட்டும் நாம் சொல்வோம். எந்த மருந்து புதிது, எது நிறுத்தப்பட்டது, அடுத்து வரவேண்டிய நாள் எது என்ற மூன்றையும் எழுதி வந்து இல்லத்துச் செவிலியரிடம் ஒப்படைக்க வேண்டும். அவ்வாறு செய்யாவிடில் சென்றுவந்ததன் பயன் பாதியாகிவிடும்.

நோயுற்றோர்க்கும் முதியோர்க்கும் பணிவிடை செய்யும் வையாவிருத்தியத்தை அகத்தவங்களுள் ஒன்றாக நம் முன்னோர் வைத்தனர். குடும்பத்திற்கு ஒருவர், மாதத்தில் ஒருநாள் முன்வந்தால் போதும். நம் அருகிலுள்ள இல்லத்தில் எவருக்கு எந்த நாளில் துணை வேண்டும் என்று இவ்வாரமே கேட்டு வருவோம்.