சினைப்பை நோயும் வீட்டு உணவும்



முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியிலே பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். மருத்துவம் பயின்றவன் அல்லேன். ஆகவே மகளிரின் சினைப்பையைப் பற்றியும், அதன் கோளாறு காரணமாக உடல் பருப்பதைப் பற்றியும் நான் பேச முற்படுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். சிலருக்குக் கூச்சமாகவும் இருக்கலாம். அந்தக் கூச்சம் எனக்கும் நெடுங்காலம் இருந்தது. பள்ளியில் மாணவிகளிடமிருந்து 'வயிற்று வலி' என்று விடுப்பு விண்ணப்பம் வந்தால் கையொப்பமிட்டு அனுப்பிவிடுவேனேயன்றி, மேற்கொண்டு ஒரு சொல் கேட்டதில்லை. அந்த நோய் என் வீட்டு வாயிலுக்கே வந்த பிறகுதான் நான் மாணவனானேன். கற்றதைச் சொல்வது ஆசிரியன் தொழில் அல்லவா? அந்த உரிமையில் பேசுகிறேன்.

என் மகள் வயிற்றுப் பேத்தி பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறாள். எங்கள் வீட்டிலேயே தங்கியிருக்கிறாள். வயது 19. இரண்டு ஆண்டுகளில் அவள் எடை 58 கிலோவிலிருந்து 70 கிலோவாக ஏறிவிட்டது. கண்ணில் பட்டது எடை ஒன்றே. ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறவினர் நால்வர் இலையில் அமர்ந்திருக்க, "நாவை அடக்கத் தெரியாதவளுக்குப் படிப்பு எப்படி ஏறும்?" என்று சொல்லிவிட்டேன். வகுப்பறையில் ஆயிரம் முறை சொல்லிப் பழகிய வாய். அவள் ஒன்றும் பேசாமல் இலையை மடித்துவிட்டு எழுந்து போனாள்.

அன்று முதல் இரவு உணவை நிறுத்திவிட்டாள். பின்னர் காலை உணவையும் நிறுத்தினாள். மூன்றாம் வாரம் பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழுந்தாள் என்று செய்தி வந்தது. அன்றிரவுதான் என் மனைவி எனக்குத் தெரியாதிருந்ததைச் சொன்னாள். பேத்திக்கு நான்கு மாதங்களாக மாதவிலக்கு ஆகவில்லை. தாடையில் கருமையான மயிர் முளைக்கிறது. நாள்தோறும் காலையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு அதைக் களைகிறாள். இவ்வளவும் ஆச்சியிடம் சொன்னவள், தாத்தாவின் காதுக்குப் போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் பெண் மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் தைராய்டு, புரோலாக்டின் முதலிய சுரப்புகளுக்கான இரத்தச் சோதனைகளும், குளுக்கோஸ் நீர் பருகச் செய்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரைச் சோதனையும் செய்வித்தார். வேறு நோய்கள் இல்லை என்று தெளிந்த பின், சினைப்பை நீர்க்கட்டி நோய் என்றார், பி.சி.ஓ.எஸ். என்று இப்போது எல்லோர் வாயிலும் அடிபடும் பெயர். "ஸ்கேன் எடுக்க வேண்டாமா?" என்று நான் கேட்டேன். பூப்பெய்தி எட்டு ஆண்டு நிறையாத இளம்பெண்களுக்குச் சினைப்பையில் நுண்பைகள் மிகுதியாகத் தெரிவது இயல்பே. ஆதலால் அவ்வயதில் ஸ்கேனை நம்பி நோயை உறுதி செய்வதில்லை. விலக்கு ஒழுங்கின்மையும் ஆண் தன்மைச் சுரப்பின் மிகுதியும் சேர்ந்திருப்பதே போதிய சான்று என்று விளக்கினார்.

இந்நோயை 1935ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து மருத்துவர்களான ஸ்டைன், லெவந்தால் என்னும் இருவர் ஏழு பெண்களிடம் கண்டு எழுதினர். நெடுங்காலம் அவர்கள் பெயராலேயே அது வழங்கியது. நீர்க்கட்டி என்ற பெயர் பொருந்தவில்லை, மாற்றுவது நன்று என்று 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கூடிய அறிஞர் குழு ஒன்று கருத்துரைத்தது. அதில் நியாயம் உண்டு. அவை அறுத்தெறிய வேண்டிய கட்டிகள் அல்ல. மாதந்தோறும் ஒரு நுண்பை வளர்ந்து முதிர்ந்து சினைமுட்டையை வெளிவிட வேண்டும். இந்நோயில் பல நுண்பைகள் வளரத் தொடங்கிப் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. பால் பிடித்த நிலையிலேயே முற்றாமல் நின்றுவிட்ட நெற்கதிர்களை வயலில் கண்டவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்றும், அவர்களுள் பெரும்பாலோர் தமக்கு இது இருப்பதையே அறியார் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இனி, சினைப்பைக்கும் சோற்றுக்கும் என்ன தொடர்பு? எனக்கு விளங்கியவாறு, பள்ளிக்கூடத்து உவமை ஒன்றால் சொல்கிறேன். நாம் உண்ணும் மாப்பொருள் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலந்தவுடன், கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அது ஒரு மணியோசை. 'சர்க்கரை வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள்' என்று தசைக்கும் ஈரலுக்கும் கொழுப்புக்கும் அறிவிப்பது. இந்நோயுடைய பெண்கள் பலருக்கு அவ்வுறுப்புகளின் செவி மந்தமாக இருக்கிறது. வகுப்புக்குக் கேட்கவில்லையென்று பணியாள் என்ன செய்வான்? மணியை மேலும் ஓங்கி அடிப்பான். கணையமும் அவ்வாறே இன்சுலினை மிகுதியாகச் சுரக்கிறது. ஆனால் சினைப்பைக்குச் செவி மந்தம் இல்லை! ஓங்கி அடித்த மணியோசை முழுவதும் அதன் காதில் விழுகிறது; அது தூண்டப்பெற்று, ஆண்ட்ரோஜன் என்னும் ஆண் தன்மைச் சுரப்பைக் கூடுதலாக உண்டாக்குகிறது. அச்சுரப்பைக் கட்டிவைக்கும் ஒரு புரதத்தை ஈரல் செய்கிறது. இன்சுலின் மிகுந்தால் அதுவும் குறைகிறது. இதன் விளைவே முகத்து மயிரும், பருவும், தலைமயிர் உதிர்தலும், விலக்குத் தவறுதலும். மிகுந்த இன்சுலின் கொழுப்பைச் சேர்த்து வைக்கத் துணைபோகிறது. கொழுப்பு சேரச் சேரச் செவி மேலும் மந்தமாகிறது.

இதை அறிந்த அன்று நான் சொன்ன சொல் என்னையே சுட்டது. உண்டதால் மட்டும் பருத்தவள் அல்லள். நோயும் அவளைப் பருக்க வைத்தது. மெலிந்த பெண்களுக்கும் இந்நோய் வருகிறது என்பதை நாவடக்கம் பேசும் பெரியவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். நம் நாட்டவர்க்கு எடை சற்றுக் குறைவாக இருக்கும்போதே இன்சுலின் மந்தம் தொடங்கிவிடுகிறது என்பதும் தெரிந்த செய்தியே.

எடையைப் பற்றி ஒரு கணக்கு. என் பேத்தியின் உயரம் 155 சென்டிமீட்டர். இந்தியர்க்கு உரிய அளவுப்படி அவள் 55 கிலோவுக்குள் இருக்க வேண்டும். 'பதினைந்து கிலோ குறை' என்று சொன்னால் எந்தப் பெண்ணும் மனம் உடைந்து போவாள். இல்லையேல் பட்டினி கிடப்பாள். மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. உள்ள எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே பலருக்கு விலக்கு ஒழுங்குபடத் தொடங்குகிறது, சர்க்கரையும் அடங்குகிறது என்றார். எழுபதில் ஐந்து பங்கு மூன்றரைக் கிலோ. அதை ஆறு மாதத்தில் செய்தால் போதும். அந்த எண்ணைக் கேட்டபோது அவள் முகத்தில் தெரிந்த ஆறுதல் என் கண்ணில் இன்னும் நிற்கிறது.

பிறகு அடுக்களைக்கு வந்தோம். ஒரு வாரம் அவள் உண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதிப் பார்த்தோம். காலையில் ஐந்து இட்டிலி, தேங்காய்ச் சட்டினி, கல்லூரிக்கு எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும், மாலையில் பஜ்ஜியும் காப்பியும், இரவில் தோசை. பெருந்தீனி என்று எதுவும் இல்லை. நம்மில் பலர் வீட்டு வழக்கமே அதுதான். ஆனால் விடிந்தது முதல் அடையும்வரை அரிசியும் மாவுமே. பருப்பு என்பது ஒரு கரண்டிச் சாம்பாரில் மிதந்தது. கறிகாய் தொட்டுக்கொள்ளும் அளவே. ஒரு பொழுதும் மணியோசை ஓயவில்லை என்று அவளே சொல்லிச் சிரித்தாள்.

மாற்றியது என்ன? காலையில் இட்டிலி மூன்று. கூடவே ஒரு கிண்ணம் பாசிப்பயற்றுச் சுண்டலோ அவித்த முட்டையோ. மதியம் தட்டில் பாதி கீரையும் காயும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ தயிரோ. மாலையில் பஜ்ஜிக்குப் பதில் நிலக்கடலை ஒரு கைப்பிடி, அல்லது கொய்யா. கொள்ளைத் துவையலாகவும் இரசமாகவும் செய்தோம். நூறு கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. புரதமும் நாரும் கூடினால் வயிறு நிறைகிறது. சர்க்கரை மெல்ல ஏறுகிறது. தாமிரபரணித் தண்ணீரில் விளைந்த அரிசியை விலக்கிவிட வேண்டுமென்று எவரும் சொல்லவில்லை. அதன் இடத்தைச் சுருக்கினோம், அவ்வளவே.

சீனியின் கணக்கை மட்டும் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். நாளைக்கு நான்கு குவளை காப்பி, தேநீர். குவளைக்கு இரண்டு தேக்கரண்டி. எட்டுத் தேக்கரண்டி என்பது 40 கிராம். மாதத்தில் 1,200 கிராம். ஒரு பெண்ணின் பானத்தில் மட்டும் மாதம் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ சீனி கரைகிறது! சேர்க்கும் சர்க்கரை நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நன்று என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது. உடனே எங்கள் பக்கத்தார், 'கருப்பட்டி போட்டுக்கொள்ளலாமே' என்பார்கள். கருப்பட்டியின் மணத்துக்கு நானும் அடிமையே. ஆயினும் அதுவும் சர்க்கரைதான், தேனும் அப்படியே. பூப்பெய்திய பெண்ணுக்கு உளுத்தங்களி கொடுப்பது நல்ல வழக்கம். உளுந்து நல்ல புரதம். அதிலே ஊறும் நல்லெண்ணெயையும் கருப்பட்டியையும் மாதக்கணக்கில் ஊட்டுவதைத்தான் குறைக்க வேண்டும்.

சிறுதானியம் பற்றியும் ஒரு மயக்கம் பரவியிருக்கிறது. கேழ்வரகும் கம்பும் சாமையும் தீட்டிய அரிசியைவிட நார் மிகுந்தவை; ஐயமில்லை. ஆனால் கேழ்வரகை நைய அரைத்துக் கூழாக்கி மூன்று குவளை குடித்தால் அதுவும் விரைவில் சர்க்கரையாகும். அரிசியை நிறுத்தி அதே அளவு தோசையைச் சோள மாவில் வார்த்து உண்டுவிட்டு, 'எடை இறங்கவில்லையே' என்பாரும் உளர். எந்த ஒரு தனி உணவு முறையும் இந்நோய்க்கு மற்றவற்றினும் மேலானது என்பதற்குச் சான்று இல்லை என்று 2023ஆம் ஆண்டின் பன்னாட்டு மருத்துவ நெறிமுறை கூறுகிறது. நெடுநாள் கடைப்பிடிக்கக்கூடியது எதுவோ, அதுவே ஏற்றது. எங்கள் அண்டை வீட்டுப் பெண்மணி, முப்பது நாளில் பத்துக் கிலோ குறைப்பதாக விளம்பரம் செய்த ஒரு நிலையத்தில் மாப்பொடிக்குப் பெருந்தொகை கொடுத்தார். குறைந்தது உண்மை. நான்கு மாதத்தில் வட்டியோடு திரும்பி வந்ததும் உண்மை.

எங்கள் வீட்டில் ஒன்றை மட்டும் நான் பிடிவாதமாகச் செய்தேன். பேத்திக்கென்று தனிச் சமையல் வேண்டாம் என்றேன். ஒருத்திக்கு மட்டும் அளந்து வைத்து மற்றவர்கள் அவளெதிரே வடை தின்றால், அது மருந்தாகாது, தண்டனையாகும். என் மனைவிக்குச் சோற்றைக் குறைத்து வைப்பது கருமித்தனமாகத் தோன்றியது. கரண்டியைப் பிடித்தபடி நின்று தயங்குவாள். எனக்கு மாலை வடையை விடுவது எளிதாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு எல்லோரும் அதிரசம் உண்டோம். அவளும் இரண்டு உண்டாள். யாரும் எண்ணவில்லை.

உடலுழைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாரத்தில் ஐந்து நாளாவது அரை மணி நேரம் விரைந்து நடக்க வேண்டும். வாரம் இருமுறை தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும். தசை இயங்கும்போது மணியோசைக்குக் காத்திராமல் சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்கிறது. எடை குறையாவிட்டாலும் இந்த நன்மை உண்டு. வைகறையில் நானும் அவளும் நடக்கிறோம். முதல் மாதம் அவள் எனக்காக நின்றாளா, நான் அவளுக்காக நின்றேனா என்பது இன்னும் தீராத வழக்கு.

உணவே எல்லாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு மேல் விலக்கு ஆகாமல் இருந்தால் மருத்துவரை அணுகியே ஆக வேண்டும். கருப்பையின் உட்படலம் தடித்துக்கொண்டே போனால், பிற்காலத்தில் அங்கே புற்று தோன்றும் வாய்ப்புக் கூடுகிறது. நீரிழிவும் இவர்களுக்கு இளவயதிலேயே வரக்கூடும். மெட்பார்மின் முதலிய மருந்துகள் உண்டு. அவற்றை மருத்துவர் சொல்லாமல் கடையில் வாங்கி விழுங்கலாகாது. மனச்சோர்வும் இந்நோயில் மிகுதி. அதை 'அழுமூஞ்சி' என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் சொல்லத்தான் வேண்டும்.

திருமணப் பேச்சைத் தொடங்கிய உறவினர் ஒருவர், 'இந்தப் பெண்ணுக்குப் பிள்ளை பிறக்குமா?' என்று அவள் காதுபடக் கேட்டார். இந்நோயுடைய பெண்களுள் பெரும்பாலோர் தாமாகவோ, மருந்தின் துணையாலோ தாயாகிறார்கள் என்று நான் விடை சொன்னேன். அவள் படிப்பு முடியும்வரை அப்பேச்சை இவ்வீட்டில் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பேசிய அதே கூடத்தில், அதே குரலில்தான் சொன்னேன்.

எட்டு மாதங்கள் ஆகின்றன. எடை 66 கிலோ. விலக்கு ஐந்து வாரத்துக்கொரு முறை, சில வேளை ஆறு வாரத்துக்கொரு முறை வருகிறது. முகத்து மயிர் குறையவில்லை; அது குறைய நாளாகும் என்கிறார் மருத்துவர். காலையில் கதவு இன்னும் தாழிடப்படுகிறது. ஆனால் சென்ற வாரம், அடுத்த சர்க்கரைச் சோதனை எந்நாளில் என்று நாட்காட்டியில் குறித்துவிட்டு, "தாத்தா, அன்று நீங்களும் என்னோடு வாருங்கள், உங்களுக்கும் பார்த்துவிடலாம்" என்றாள். வருகிற செவ்வாய்க்கிழமை வெறும் வயிற்றோடு இருவரும் போகிறோம்.