மருந்து தவறிய நாளும் மருந்தை நிறுத்திய நாளும்

(அம்மாபேட்டையில் கூடிய நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு மருந்தைப்பற்றிப் பேச என்ன உரிமை என்று சிலர் கருதுதல் கூடும். திருக்குறளின் 95-ஆம் அதிகாரத்துக்கு மருந்து என்பதே பெயர். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவனார் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக்களை வகுத்தார். நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு நில்லாது, அருகிருந்து மருந்தளித்துப் பேணுவோனையும் நான்காம் உறுப்பாக வைத்தார். அந்நான்காம் உறுப்பு வீட்டாராகிய நாமே. அக்கடமை பற்றியே, கொழுப்பு மாத்திரை ஒரு வேளை தவறினால் செய்யத்தக்கது யாது என்பதை இன்று எடுத்துரைக்க விழைகின்றோம்.

கொலஸ்டிரால் என்னும் கொழுப்பு உணவால் மட்டும் வருவதன்று. பெரும்பகுதியை நம் ஈரல் முதலிய உறுப்புக்களே ஆக்குகின்றன. அது குருதியில் மிகுந்தால் நாளடைவில் நாளங்களின் உட்சுவரிற் படிந்து, இதயத்துக்கும் மூளைக்கும் செல்லும் வழியை அடைக்கும். ஜப்பான் தேசத்து அகிரா எண்டோ என்னும் அறிஞர் 6,000-க்கு மேற்பட்ட பூஞ்சை வகைகளை ஆராய்ந்து, ஈரலின் அவ்வாக்கத்தைத் தடுக்கும் பொருளொன்றை 1973-இல் கண்டார். இம்மாத்திரைக் குலத்துக்கு ஸ்டாட்டின் என்று பெயர். அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் என்று மருத்துவர் சீட்டில் எழுதுவன இக்குலத்தனவே.

இனி, தவறிய வேளைக்கு வருவோம். பெரியவர் ஒருவர் நாடோறும் இரவு 9 மணிக்கு மாத்திரை உட்கொள்பவர் என்க. ஓரிரவு மறந்து உறங்கிவிட்டார். காலை 6 மணிக்கு நினைவு வருமாயின், கடந்தது 9 மணி நேரமே, அப்பொழுதே உட்கொள்ளலாம். இரவு வழக்கம்போல் அடுத்ததை உட்கொள்க. நண்பகலில் நினைவு வருமாயின், 12 மணி நேரத்துக்கு மேல் கடந்துவிட்டது. அவ்வேளையை விட்டொழித்து, இரவு 9 மணிக்கு வழக்கமான ஒன்றையே உட்கொள்க. எக்காரணத்தாலும் இரண்டைச் சேர்த்து விழுங்குதல் ஆகாது.

தறியில் அமரும் நம்மவர்க்கு இதனை விளக்குதல் எளிது. ஊடை ஓரிழை தப்பிற்றென்று அடுத்த ஓட்டத்தில் ஈரிழை சேர்த்து ஓட்டுவாருண்டோ? ஓட்டினால் தப்பிய இழையும் சேராது. துணியிற் தடிப்பே தோன்றும். மாத்திரையும் அத்தகையதே. இரட்டித்தலால் நன்மை மிகாது. தசைநோவு முதலிய தீங்குகளுக்கே இடமாகும்.

அன்றியும், ஒரு வேளை தவறியதற்கு அஞ்சி நடுங்க வேண்டுவதில்லை. அட்டோர்வாஸ்டாட்டின் குருதியிற் பாதியளவாகக் குறைய ஏறத்தாழ 14 மணி நேரமும், ரோசுவாஸ்டாட்டினுக்கு ஏறத்தாழ 19 மணி நேரமும் ஆகும். ஒரு நாட் பிழையால் நாளம் அடைந்துவிடாது. ஆயினும் இவ்விதி இம்மாத்திரைக்கே உரியது. இன்சுலின் முதலிய பிற மருந்துகட்கு இதனை ஏற்றிக் கூறற்க.

"மாரடைப்புற்றோர்க்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரே வேளையில் பல மாத்திரைகளை அளிக்கின்றனரே, நாம் இரண்டை உட்கொண்டாலென்ன?" என்று வினவுவாரும் உளர். நம் மாநிலத்தில் 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் அவ்வாறு அளிக்கும் மருந்துகளுள் அட்டோர்வாஸ்டாட்டினும் ஒன்றென்பது மெய்யே. அஃது உயிர்க்கு இடர் நேர்ந்தவிடத்து மருத்துவர் ஆய்ந்து செய்வது. மறதிக்கு ஈடாக நாம் செய்து கொள்வதன்று.

ஒரு நாள் தவறுதலினும் பன்மடங்கு கொடியது ஒன்றுண்டு. அது தானே நிறுத்திவிடுதல். பரிசோதனைச் சீட்டில் கொழுப்பு சரியான அளவென்று கண்டவுடன், "நோய் தீர்ந்தது, இனி மாத்திரை எதற்கு?" என்று பெட்டியை மூடிவிடுகின்றனர். அவ்வளவு சரியாயிருப்பது மாத்திரையினால் அன்றோ! நிறுத்திய சில வாரங்களுக்குள் கொழுப்பு பழைய நிலைக்கு ஏறிவிடும். ஏறுங்கால் வலியும் இல்லை, அடையாளமும் இல்லை. வட ஐரோப்பிய நாடுகளில் இதயநோயாளர் 4,444 பேரைக் கொண்டு நிகழ்ந்து, 1994-இல் வெளியான ஆராய்ச்சியில், 5 ஆண்டுகட்கு மேற்பட்ட காலத்தில், வெற்று மாத்திரை உண்டோருள் நூற்றுக்கு 12 பேரும், சிம்வாஸ்டாட்டின் உண்டோருள் நூற்றுக்கு 8 பேரும் இறந்தனர். அந்நால்வரைக் காத்தது ஒருநாள் மருந்தன்று. ஆண்டுக்கணக்கில் இடையறாது உண்ட மருந்தே.

நம்மவர் தவறவிடும் காரணங்களும் நாமறியாதனவல்ல. ஆடித் திருவிழாவுக்கு விருந்தினர் வந்த பரபரப்பு. திருமணத்துக்கு வெளியூர் சென்றபோது அட்டையை வீட்டில் மறந்தமை. பாவு முடியும் அவசரம். கிருத்திகை, அமாவாசை விரதம். விரதத்தைக் காரணங் கூறுவோர்க்கு ஒன்று சொல்வோம்: மேற்கூறிய இரண்டு மாத்திரைகளும் உணவோடும் உணவின்றியும் உட்கொள்ளத் தக்கன. பல நாள் தொடர்ந்து தவறியிருப்பின், விட்டவற்றைக் கூட்டி உண்ணாது, மருத்துவரிடம் மறையாது உரைத்து, அவர் சொற்படி தொடங்குக. தசையிற் கடுநோவோ, சிறுநீர் கருத்துப் போதலோ காணின், அன்றே மருத்துவரை அடைக. செலவுக்கு அஞ்சி நிறுத்துவோர் அதனையும் மருத்துவரிடம் நாணாது கூறுக. அரசினர் மருத்துவமனை நம் சேலத்தில் உள்ளது.

தாய்மார்களே! வீட்டுப் பெரியோர் மாத்திரை உண்டனரா என்று இரவு உணவு வேளையில் ஒரு சொல் கேளுங்கள். படிக்கும் சிறுவர் நாட்காட்டியில் நாடோறும் ஒரு குறியிடட்டும். அட்டையில் ஐந்து மாத்திரை எஞ்சும்போதே அடுத்ததை வாங்கி வையுங்கள். தவறிய நாளில் கடிந்து பேசாதிருங்கள். கடிந்தால் அடுத்த முறை மறைப்பர். மறைத்த நோயே வீட்டை அழிப்பது. குடும்பத் தலைவனைத் திடீரென்று இழந்த இல்லங்களில் தறியும் நின்று, பிள்ளைகளின் படிப்பும் நின்று போதலை நாம் கண்டிருக்கின்றோம்.

ஆகவே, தவறியதை இரட்டியாதிருத்தலும், தொடங்கியதை நிறுத்தாதிருத்தலும் ஆகிய இவ்விரண்டையும் ஒவ்வொரு வீட்டிலும் கைக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.